மேல்ரோட்டு வீட்டு நட்டு

கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்த ஊர் மலை. பின்னால் நிற்கும் பெரிய மலைக்கோ இது வெறும் அடிவாரம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் என்பதால் வெயிலும் குளிரும் ஒரே நாளில் வந்து போகும். மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கும். ஐந்து மணிக்கெல்லாம் பல் கிட்டும். கொஞ்சம் வசதியான வீடுகளில் ஒரே அறையில் சுவரில் ஏசியும் மூலையில் கேஸ் ஹீட்டரும் இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு வாரம் தங்கினால் சிரிப்பு அடங்கிவிடும்.

இந்த ஏசிகளைப் பழுதுபார்க்கிற மெக்கானிக்குக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஊரில் புழங்குவது 'ரெண்டுதரம்' என்ற பெயர்தான். எந்த வேலையையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் அவர் வாசல் தாண்டமாட்டார். அதற்கென்று ஒரு முறையும் வைத்திருந்தார். வேலை முடிந்ததும் ஸ்பேனரைப் பையில் போட்டுவிட்டு வெளியே போவார். குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். சற்று நேரம் வானத்தைப் பார்ப்பார். பிறகு கதவைத் தட்டி, அப்போதுதான் வருகிற ஆள் மாதிரி உள்ளே நுழைந்து, முன்பின் தெரியாத எவனோ செய்துவிட்டுப் போன வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதுபோல ஒவ்வொரு நட்டாகப் பார்ப்பார். தன் வேலையைத் தானே பார்த்தால் கண் சலுகை காட்டிவிடும் என்பது அவர் கட்சி.

ஊர் சும்மா விடுமா? அவருக்கு இரட்டைப் பெண்கள் பிறந்ததற்கே இந்தப் பழக்கம்தான் காரணம் என்று சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொல்லுவார். அந்தப் பெண்கள் படித்து வேலைக்கு வெளியூர் போய் ஐந்து வருடம் ஆகிறது. சலூன்காரர் இன்னும் அந்த நகைச்சுவையை விடவில்லை. மெக்கானிக்கும் ஒவ்வொரு முறையும் சிரித்துவைப்பார். கழுத்தில் கத்தி இருக்கும்போது வேறென்ன செய்வது?

ஆனால் இந்த உயரத்தில் அப்படி இல்லாவிட்டால் தொழில் செய்ய முடியாது. காற்று மெலிசு. சமவெளியில் கற்ற கணக்கு இங்கே காலை வாரிவிடும். அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை நம்பிக் கேஸ் ஏற்றினால் அளவு தப்பும் என்பதால், சிலிண்டரைத் தராசில் வைத்து எடை பார்த்துத்தான் ஏற்றுவார். அதோடு இப்போது வருகிற புது மெஷின்களில் ஓடும் கேஸ் சமையல் கேஸுக்கு நெருங்கிய சொந்தம். கசிந்தால் தீப்பிடிக்கும். சமையல் கேஸுக்காவது நாற்றம் சேர்த்திருப்பார்கள், மூக்கு காட்டிக்கொடுக்கும். இதற்கு வாசனையே கிடையாது. கனமானது வேறு, கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும்.

இத்தனை ஜாக்கிரதையான மனிதரை ஆறேழு மாதமாக ஒரு பயம் அரித்துக்கொண்டிருந்தது. அவருடைய அண்ணன் லாரி ஓட்டியவர். இரண்டு வருடம் முன்பு காலமானார். கடைசி நாலு வருடம் தம்பியையே யாரென்று கேட்டார். அது எப்படி ஆரம்பித்தது என்று மெக்கானிக்குக்கு நன்றாகத் தெரியும். செய்ய வேண்டியதை மறப்பது எல்லோருக்கும் உள்ளது. அண்ணன் செய்து முடித்ததை மறந்தார். பால் வாங்கிவந்து அடுக்களையில் வைத்துவிட்டு மறுபடி பால் வாங்கக் கிளம்பினார். நீ இப்போதுதானே வாங்கிவந்தாய் என்று சொன்னால் கோபம் வந்தது.

அதனால் மெக்கானிக் தன்னையே வேவு பார்க்க ஆரம்பித்திருந்தார். காலையில் என்ன சாப்பிட்டோம், நேற்று எந்த வீட்டுக்குப் போனோம் என்று ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொள்வார். போன் எடுப்பதும், விலாசம் குறிப்பதும், எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று முடிவு செய்வதும் அவர் மனைவி. அவள் இரண்டு முறை டாக்டரிடம் போகலாம் என்று மெல்லப் பேச்செடுத்தாள். இரண்டு முறையும் எரிந்து விழுந்தார். வயசு ஐம்பத்தேழாகிறது, ஒரு சாவியைத் தேடினால் அதற்கு டாக்டரா என்று கேட்டார். சாவி ஃப்ரிட்ஜுக்குள் கிடைத்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

அன்றைக்கு முதல் வேலை மேல்ரோட்டில், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்து வீட்டில். பள்ளிக்கூட டீச்சர், அவள் கணவர், மூன்று மாதக் குழந்தை. ஏசியில் குழாய் சேரும் இடத்தில் கேஸ் கசிந்து தீர்ந்துபோயிருந்தது. தரையில் மெத்தை போட்டுக் குழந்தையைப் படுக்கவைத்திருந்தார்கள். ஏசி அதற்கு நேர் மேலே. அவர் மெத்தையை அடுத்த அறைக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். செம்புக் குழாயின் முனையை வெட்டிப் புதிதாக விரித்தார், நட்டைப் போட்டார், எடை பார்த்துக் கேஸ் ஏற்றினார். ஐந்தரைக்குக் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், ஐந்து மணிக்கே ஹீட்டர் போட்டு அறையைச் சூடாக்க வேண்டும், அதற்குள் முடிந்துவிடுமா என்று டீச்சர் கேட்டாள். மூன்று மணிக்கே முடிந்துவிடும் என்றார். முடிந்தது.

நாலே முக்காலுக்கு ஊரின் கீழ்க் கோடியில், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் வீட்டில் ஏசி வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். குளிர் இறங்கிவிட்டது. போஸ்ட்மாஸ்டர் ஹீட்டரிடம் குனிந்து லைட்டரைத் தட்டினார். நீல நிறத்தில் தீ பிடித்தது. மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது.

மேல்ரோட்டில் அந்த நட்டை முடுக்கினேனா?

கையால் திருகியது நினைவிருந்தது. நட்டின் குளிர்ச்சி விரலில் இன்னும் இருந்தது. அதன்பிறகு ஸ்பேனர் போட்டோமா? கை கழுவப் போனோமா? திரும்பி வந்து பார்த்தோமா? டீச்சரின் கணவர் காரை எடுக்க ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்னது நினைவிருந்தது. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வளைவில் இறங்கியதும் நினைவிருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. எத்தனை தரம் யோசித்தாலும் நினைவு, விரல் திருகியதோடு நின்றது.

போன் போட்டார். டீச்சர் எடுக்கவில்லை. குழந்தை தூங்கும்போது சத்தத்தை அணைத்துவிடுவாளாக இருக்கும். தன் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லி, டீச்சரின் கணவர் எண்ணைக் கேட்டு வாங்கி அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. போஸ்ட்மாஸ்டரிடம் வடிகட்டியை ஈரத்தோடு கையில் கொடுத்துவிட்டு, இதோ வருகிறேன் என்று ஓடினார். பாவம், மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார்.

ஏழு கிலோமீட்டர், பதினோரு வளைவு. மேலே போகப் போக மேகம் இறங்கிவந்து ரோட்டை மூடியது. வேகமாகப் போனால் பள்ளம் தெரியவில்லை, மெதுவாகப் போனால் மணி ஓடுகிறது. வெறும் கையால் திருகிய நட்டு எவ்வளவு கசியும் என்று கணக்குப் போட்டார். இரண்டு மணி நேரம். ஜன்னல் சாத்திய அறை. மெத்தையைத் திரும்பக் கொண்டுவந்து தரையில் போட்டிருப்பார்கள். கணக்கு முடிகிற இடத்துக்குப் போக அவருக்குத் தைரியம் இல்லாமல் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

ஆறாவது வளைவில் ரோடு வேலை. சிவப்புக் கொடி பிடித்தவர் கையை நீட்டி நிறுத்தினார். எதிரே வரும் வண்டிகள் இறங்கட்டும் என்றார். ஒரு லாரி, ஒரு வேன், இன்னொரு லாரி. மெக்கானிக், "ஒரு குழந்தையோட உயிர்" என்று மட்டும் சொன்னார். கொடிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் லாரியை நிறுத்தி வழி விட்டார்.

ஐந்து இருபதுக்கு மேல்ரோட்டு வீடு. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. டீச்சர் தொட்டியில் வெந்நீர் கலந்துகொண்டிருந்தாள். குழந்தை மெத்தையில் துணியில்லாமல் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

"குழந்தையத் தூக்கிட்டு வெளிய போங்கம்மா. எந்த சுவிட்சையும் தொடாதீங்க."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றைக் கேட்டு அவள் கேள்வி கேட்காமல் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினாள். அவர் ஹீட்டரை அணைத்தார். ஜன்னல் இரண்டையும் திறந்தார். குளிர்காற்று அறைக்குள் வாரி அடித்தது. மூச்சு வாங்க ஸ்டூலில் ஏறி, ஏசியின் ஓரத்தில் கையை விட்டு நட்டைத் தொட்டார்.

அசையவில்லை. ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தார். இம்மிகூட நகரவில்லை. சோப்பு நுரையைத் தடவினார். கசிவைக் காட்டும் குமிழி ஒன்றுகூட எழவில்லை. வேலையென்றால் அதுதான் வேலை. இதைவிடச் சரியாக முடுக்க முடியாது.

ஸ்டூலிலிருந்து இறங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டார். கடவுளே, கடவுளே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வாசலைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் காரில் வந்து இறங்கிய டீச்சரின் கணவருக்கு, விஷயம் தெரிந்ததும் ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஊரில் ரெண்டுதரம் என்றுதான் கேள்விப்பட்டிருந்தாராம், இது மூன்றாவது தரம் அல்லவா என்றார். குழந்தைக்குச் சளி பிடித்தால் மருந்து வாங்கித்தர வேண்டும் என்றும் சொன்னார். மெக்கானிக் மன்னித்துக்கொள்ளுங்கள் சார் என்றார். நட்டைச் சரியாக முடுக்கினேனா என்று சந்தேகம் வந்துவிட்டது, அதனால் ஓடிவந்தேன் என்றார்.

டீச்சர் குழந்தையின் தலையைத் துண்டால் மூடியபடி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? கை கழுவிட்டு வந்து, கதவத் தட்டி, மறுபடி எல்லாத்தையும் பாத்தீங்களே. நான் பாப்பாவ வச்சுக்கிட்டு இதே இடத்துலதான் நின்னேன். பாரு பாப்பா, ஒரு குமிழிகூட வரலன்னு நுரைய அவ கையில தொட்டு வச்சீங்க. அவ சிரிச்சா. நீங்களும் எவ்வளவு நேரம் சிரிச்சீங்க."

மெக்கானிக் குழந்தையைப் பார்த்தார். அதன் சின்ன உள்ளங்கையைப் பார்த்தார். அந்தக் கையில் நுரை வைத்த ஞாபகம் எங்காவது ஒரு மூலையில் கிடக்குமா என்று தேடினார். குழந்தை சிரித்தது என்கிறாள். அவர் சிரித்தார் என்கிறாள். தேடிய இடமெல்லாம் காலி.

"ஆமாம்மா. ஆமா. இப்ப ஞாபகம் வருது" என்றார்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அது அவ்வளவு சுலபமாக வந்ததே அவருக்கு இன்னொரு அடியாக இருந்தது. ஜன்னலைச் சாத்தினார், ஹீட்டரைத் தானே ஏற்றிக்கொடுத்தார், அறை சூடாகும்வரை நின்றார். டீச்சர் டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

வழியெல்லாம் நட்டு இறுகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவர் அவர். இப்போது கேட் ஓரம் நின்றுகொண்டு, அது தளர்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார். தளர்ந்திருந்தால் செய்ய வேண்டியதை மறந்து தப்பு செய்தவர், அவ்வளவுதான். திட்டு வாங்கியிருக்கலாம், தொழிலையே விட்டிருக்கலாம். குழந்தையின் முகம் நினைவுக்கு வந்ததும் இப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார். ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. மனைவிக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நட்டு எப்படி இருந்தது, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நட்டு சரியாத்தான் இருந்துச்சு. குழந்தை நல்லா இருக்கு." போனை மறு காதுக்கு மாற்றினார். "நான்தான் முடுக்கியிருக்கேன். ரெண்டு தரம் பாத்திருக்கேன். எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல."

"ம்" என்றாள் அவள், ஏற்கெனவே தெரிந்த சேதியைக் கேட்பதுபோல. இத்தனை மாதமாக அவள் பயந்ததும் இதைத்தான் என்று அந்தக் குரலில் அவருக்குப் புரிந்தது. அண்ணனை எத்தனை தெருக்களில் தேடிக் கூட்டிவந்தவள் அவள்.

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாம்" என்றார் அவராகவே.

"போலாம். நீங்க இப்ப அங்கயே இருங்க. நான் வர்றேன்."

அவருக்குச் சுருக்கென்றது. "எதுக்கு? எனக்கு வழி தெரியாதா?"

"தெரியும்ங்க" என்றாள் அவள். "இருந்தாலும் அங்கயே இருங்க."

அவர் எரிந்து விழவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.