சித்தியின் தோட்டங்களுக்கு நான் போட்ட படம்

என் சித்தியின் இலை வியாபாரத்தை நான்தான் கெடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் செய்யாதே என்று அவள் சொன்னதைச் செய்தேன். செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுச் செய்தேன். அதற்கு முதல் பரிசும் வாங்கினேன்.

அப்போது பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தை மாதம் திருநெல்வேலி வியாபாரிகள் சிலர் சேர்ந்து பள்ளி மாணவர்களுக்கு ஒரு வணிகப் போட்டி நடத்தினார்கள். இரண்டு விதமாகக் கலந்துகொள்ளலாம். ஒன்று மேடைப் போட்டி: கையில் ஏதாவது ஒரு பொருளைக் கொடுப்பார்கள், அதை அங்கேயே பேசி விற்றுக் காட்டவேண்டும். மற்றது எழுத்துப் போட்டி: உண்மையில் நடக்கும் ஒரு தொழிலைப் பற்றி அறிக்கை எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடவேண்டும், போட்டியன்று நடுவர்கள் எதிரில் உட்கார்ந்து அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லவேண்டும்.

எனக்கு மேடையில் பேசத்தான் ஆசை. ஆனால் மற்ற பையன்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே உடைந்துவிட்ட மகரக்கட்டு எனக்கு அந்த வருடம்தான் உடைந்துகொண்டிருந்தது. ஒரு வாக்கியத்தை ஒரு குரலில் தொடங்கினால் வேறொரு குரலில் முடியும். மேடைப் போட்டிக்கு யார் வருகிறீர்கள் என்று வணிகவியல் சார் கேட்டபோது நான் பாதி எழுந்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், “சார், இவன் மேடையேறுனா சேவலுக்கு ஒண்ணு, கோழிக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேருல்லா பதியணும்” என்றான். சாரும் சிரித்துவிட்டார். நான் எழுத்துப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். எழுத்துக்குக் குரல் வேண்டாமே.

எழுதுவதற்கு என் கையருகில் இருந்த தொழில் சித்தியுடையது. சித்தி என் அம்மாவின் தங்கை. திருநெல்வேலிப் பேட்டையில் எங்களுக்கு அடுத்த தெரு. சித்தப்பா வேலை பார்த்த ஆலையை மூடிய பிறகு அந்த வீடு வாழையிலையால்தான் ஓடியது. கல்யாண வீடுகளுக்கு மொத்தமாக இலை கொடுப்பாள். ஆனியில் கிளம்பும் மேல்காற்று ஆவணி முடிய நிற்காது. வாழையிலையைச் சீப்புப் பல் மாதிரி கிழித்துப் போட்டுவிடும். இடையில் ஆடியை விட்டால், கல்யாணங்களும் அந்த மாதங்களில்தான் குவியும். மார்க்கெட்டில் கிழியாத இலை கிடைக்காத நாளிலும் சித்தியிடம் கிடைக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் தென்கால் என்ற கால்வாய் ஓரமாக ஐந்து தோட்டங்களுக்கு மேற்கே மூங்கிலும் தென்னையும் சுவர் மாதிரி நின்று காற்றை மறித்தன. அந்தத் தோட்டங்களை நடந்து நடந்து கண்டுபிடித்து, அவற்றைப் பயிர்செய்யும் சம்சாரிகளிடம் பேசி வைத்திருந்தாள். அவள் அந்தப் பக்கம் போகிறாள் என்பது மற்ற வியாபாரிகளுக்குத் தெரியும். எந்தத் தோட்டம் என்பது தெரியாது. லீவு நாளில் கூடப் போய்க் கட்டுத் தூக்கிய எனக்குத் தெரியும்.

“என்னலே எழுதப் போற?” என்றாள் சித்தி.

“எல்லாந்தான் சித்தி. எப்படி வாங்குதிய, எப்படி விக்குதிய...”

“எழுது. எம்பேரையும் போட்டுக்கோ. தோட்டம் எங்கன இருக்குன்னு மட்டும் எழுதிராத. அது வெளிய தெரிஞ்சா இந்த வீட்ல அடுப்பு எரியாது. ஒங்க அக்கா காலேசுக்கும் போவமுடியாது.”

அக்கா என்பது சித்தியின் மகள். அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எழுதமாட்டேன் என்று சொன்னேன். சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன்.

சார் என் அறிக்கையைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “ஆற்றங்கரையில் சில தோட்டங்கள்னு எழுதியிருக்க. இதை வீட்ல உக்காந்துகிட்டே எழுதலாமேடே. போய்ப் பாத்தவன் எழுதுன மாதிரி இல்லியே.”

சித்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லவர், விட்டிருப்பார். நான் அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் படம் போட்டேன். ஆற்றுக்கு நீலம், காற்று வரும் திசைக்குச் சிவப்பு அம்புகள், காற்றுப் படாத ஐந்து தோட்டங்களுக்கும் பச்சை. பச்சைக்குள் அந்தந்தச் சம்சாரியின் பெயர். இதை நடுவர்கள் மட்டும்தானே பார்க்கப்போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வியாபாரிகள் நடத்தும் போட்டிக்கு வியாபாரிகள்தான் நடுவர்களாக வருவார்கள் என்று தோன்றவில்லை. வணிகவியலில் வகுப்பில் நான்தான் முதல் மாணவன்.

போட்டியன்று பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மண்டபத்தில் மூன்று நடுவர்கள் இருந்தார்கள். இரண்டு பேர் பாடப்புத்தகத்தில் உள்ளதைக் கேட்டார்கள். மூன்றாமவர் மார்க்கெட்டில் காய்கறியும் இலையும் மொத்தமாக விற்கிற அண்ணாச்சி. அவர் அறிக்கையைப் புரட்டவே இல்லை, படத்தை மட்டும் விரித்து வைத்திருந்தார்.

“தம்பி, இது நீயே போட்டதா?”

“ஆமா அண்ணாச்சி.”

“நல்லாருக்கு. பஸ்ஸ விட்டு எறங்குனா எம்புட்டுத் தூரம் நடக்கணும்?”

“பாலத்துல எறங்கி, கால்வாய்க் கரையோட பைய நடந்தாலும் பத்து நிமிசம் அண்ணாச்சி.”

“சம்சாரிகளுக்கு முன்பணம் ஏதும் உண்டா?”

“இல்ல அண்ணாச்சி. எல்லாம் வாய்ப்பேச்சுதான்.”

அவர் பக்கத்து நடுவரைப் பார்த்து, “பய நேர்லயே போயி பாத்திருக்கான் வே” என்றார். என் குரல் அன்றைக்கு ஓரிடத்திலும் உடையவில்லை. முதல் பரிசாகக் கோப்பை கொடுத்தார்கள். அம்மா அதைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். அறிக்கையைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

வைகாசிக் கடைசியில் அந்த அண்ணாச்சி ஐந்து தோட்டங்களுக்கும் முன்பணம் கொடுத்து இலையைத் தனக்கென்று பேசி முடித்துவிட்டார். ஆனியில் சித்தி போனபோது சம்சாரிகள் கொடுக்க இலை இல்லை என்றார்கள். ஒப்புக்கொண்ட கல்யாணங்களுக்கு மார்க்கெட்டில், அதே அண்ணாச்சியிடம், அவர் சொன்ன விலைக்கு வாங்கினாள். அவர் நல்ல இலையைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் கிழிந்த இலையைத் தூக்கிக் காட்டி, பந்தி முழுக்கக் கேட்கும்படி சித்தியை ஏசினார். ஆவணிக்கு அவளிடம் யாரும் இலை சொல்லவில்லை. அக்கா கல்லூரியில் சேரவில்லை.

“எந்தப் பாவி காட்டிக் குடுத்தானோ, அவன் கை வெளங்காமப் போவட்டும்” என்று அம்மா எங்கள் வீட்டில் வைத்துச் சபித்தாள். சித்தி, “விடு அக்கா, சும்மா எவனையாவது ஏசாத” என்றாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறினேன். கெஞ்சினால் தோட்டங்களைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று நினைப்பு. முதல் தோட்டத்துச் சம்சாரி என்னைக் கண்டதும் சிரித்தார்.

“நீதானாலே அது? எந்தோட்டத்துக்குப் பச்சையெல்லாம் அடிச்சிருந்தியே. அண்ணாச்சி கொண்டாந்து காட்டுனாருல்லா.”

“சித்திக்கே குடுங்க. நான் தெரியாமப் போட்டுட்டேன்.”

“வாங்குன பணம் வாழைக்கு ஒரம் போட்டதுல போயிட்டுலே. இனி எங்கன திருப்ப? ஒஞ்சித்தி வந்தன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவளும் கேட்டுட்டுப் போயிட்டா.”

அப்படியானால் அம்மா சபித்தபோது சித்திக்குத் தெரியும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நேரே அவள் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது.

“தெரியும்லே,” என்றாள். “ஒங்கம்மைகிட்ட இதைச் சொல்லிக்கிட்டு இருக்காத. கைய களுவிட்டு வா, சாப்புடு.”

சாப்பிட்டேன். குழம்பு போதும் என்ற பிறகும் ஊற்றினாள். சொல்லிவிட்டேன், அவளும் திட்டவில்லை, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்படி ஆகவில்லை என்று தெரிய இரண்டு மூன்று லீவு ஆயிற்று. சித்தி வேறெங்கோ வேறு தோட்டங்களைப் பிடித்தாள். தொழில் மெல்ல எழுந்தது. அக்காவும் அதில் இறங்கினாள். என்னை மட்டும் கூடவரச் சொல்லவில்லை. நானாக வருகிறேன் என்றால், “படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு?” என்பாள். அவளும் அக்காவும் பேசிக்கொண்டிருக்கையில் நான் உள்ளே போனால், பேச்சு தண்ணீர்க் குழாய்க்கோ பூனைக்கோ மாறிவிடும்.

பிறகு கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளர் ஆனேன். முதல் சம்பளத்தில் அக்காவிடம் போய், நீ படி, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “இலைக் கட்டு தூக்குறதுக்குப் பட்டம் கேக்கானுவளாக்கும்? போலே” என்று சிரித்துவிட்டாள். எனக்குத் தெரிந்த கல்யாண வீடுகளையெல்லாம் அவர்களிடம் அனுப்பினேன். அந்த வேலைகளை எடுத்துக்கொண்டார்கள். இலை சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கும். அதற்குமேல் ஒன்றும் என் காதுக்கு வராது.

போன ஆவணியில் அக்காவின் கடைசி மகனுக்குக் கல்யாணம். வெளியே காற்று பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பந்தியில் விரித்த இலையில் ஒன்றில்கூடக் கீறல் இல்லை. எண்பதைத் தாண்டிய சித்தி பந்திக்கு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தலை நரைத்து, வேலையிலிருந்து ஓய்வுபெற்று வருடங்கள் ஆகிவிட்டன. இனி என்ன என்ற தைரியத்தில் குனிந்து கேட்டேன்.

“இந்தக் காத்துலயும் இலை இம்புட்டு நல்லா இருக்கே. எங்கன இருந்து சித்தி வருது?”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தாள்.

“வாழையில இருந்துதான்லே,” என்றாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சித்தி என் கையை விடாமலே பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு, “இவனுக்கு நல்ல நுனி இலையாப் பாத்துப் போடு” என்றாள்.