பதிவேட்டில் இல்லாத எண்ணெய்

இரும்பு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த அந்த இரண்டு கைத்துப்பாக்கிகளும் இப்போதும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒன்று, பட்டறையில் பாகம் பாகமாகக் கையால் இழைத்துப் பொருத்தியது. மற்றது, புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் முதலில் வாங்கும் மலிவு ரகம். டோர்ட்மண்டுக்கு வெளியே, விளையாட்டுத் துப்பாக்கிகளைச் சோதிக்கும் சிறு கூடம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது அது. இரண்டிலும் ஒரே ரவை, ஒரே எண்ணிக்கை. எது முதலில் தேய்ந்து போகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சோதனைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு அக்கா. பீலெஃபெல்டிலிருந்து தினமும் ரயிலில் வருவார். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து சின்ன வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவர், காதுமூடியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அதே சத்தத்தின் நடுவே நிற்பதை நான் கேலி செய்வேன். "இஞ்ச எத்தினை தரம் வெடிக்கும் எண்டு எனக்குத் தெரியும், தம்பி" என்பார். ஈராயிரம் சூட்டுக்கு ஒருமுறைதான் துடைத்து எண்ணெய் விடலாம், அதுவும் இரண்டுக்கும் ஒன்றாக. தொட்டால் உடனே பதிவேட்டில் எழுத வேண்டும். "ரெண்டும் எங்களுக்கு ஒரே மாதிரிப் பிள்ளையள். ஒண்டுக்குச் சோறு, ஒண்டுக்குக் கஞ்சி எண்டு நடக்கக் கூடாது" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

நடக்கக் கூடாது என்றதைத்தான் நான் செய்தேன். கைவேலைத் துப்பாக்கியின் மேல்பாகத்தை இழுத்தால் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதில் கரி படிவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மாலையில் பெட்டியில் வைத்துப் பூட்டும் முன் அதைத் துணியால் துடைத்து, சறுக்கும் பள்ளத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். மலிவானதைத் தூக்கி அப்படியே வைப்பேன். இதை ஏமாற்று என்றே நான் நினைக்கவில்லை. நல்ல பொருளுக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்தேன். என்ன மடத்தனம்.

மலிவானது பாதியிலேயே சிக்கத் தொடங்கியது. கைவேலை கடைசிவரை நின்றது. அக்கா அறிக்கையில் கையெழுத்திட்டார். மலிவானதைச் செய்த நிறுவனத்திலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து, மற்றதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் இல்லாத எண்ணெய் பள்ளத்துக்குள் எப்படி வந்தது என்று கேட்டார்.

அன்று மதியம் அக்கா என்னிடம் தனியாக வந்தார். "தம்பி, நீர் ஏதும் தொட்டனீரோ?" வேலைக்குச் சேர்ந்தவரைப் பரீட்சித்துப் பார்க்கும் புரோபெட்சைட் முடிய எனக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அதற்குள் என்றால் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். "இல்லை அக்கா" என்றேன். அவர் நம்பினார். அந்தத் துப்பாக்கிகளில் கை வைப்பவர்கள் நாங்கள் இருவர்தான்; என்னை நம்பியபின் மிஞ்சியது அவர் ஒருவர்தான். "அப்ப நான்தான் துடைச்சுப்போட்டு எழுத மறந்திருக்கிறன்" என்று மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

புதிதாக ஒரு சோடியை வைத்து மறுபடி சோதித்தோம். பாரபட்சம் இல்லாமல் நடத்தியபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தேய்ந்தன. கரி படிந்ததும் முதலில் சிக்கியது, இடைவெளியே விடாமல் இறுக்கிப் பொருத்திய கைவேலைதான். அந்த அறிக்கையில் அக்காவின் கையெழுத்து இல்லை. அவரைக் களஞ்சியத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வருட முடிவில் தானாகவே வேலையை விட்டார். இன்று அவர் கையெழுத்திட்ட இடத்தில் நான் இடுகிறேன்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டேன். பழைய கதை வந்தது. "அண்டையில இருந்து என்ர ஞாபகத்தில எனக்கு நம்பிக்கை இல்லை, தம்பி. கதவைப் பூட்டினனோ எண்டு பாதி வழியில திரும்பி வாறன். இப்ப எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதி வைக்கிறன்" என்று சிரித்தார். அவருடைய வேலையை மட்டும்தான் பறித்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். பாயாசம் நன்றாக இருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்துவந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா தமிழ் வாசிக்கிறவர், இதை யாராவது அவர் கையில் சேர்ப்பார்கள்.

அக்கா, நீங்கள் எதையும் மறக்கவில்லை. துடைத்தது நான்.