குழாயடி வரைக்கும் ஒரு நடை

திருநெல்வேலியில் ஊர் நடுவே இருக்கும் பூங்காவைப் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். பல வருஷம் பூட்டிக் கிடந்து, உடைமுள் மண்டி, பிராந்தி பாட்டில் குவிந்துபோன இடம். இப்போது வழுவழுவென்று நடைபாதை, நீரூற்று, கலர் விளக்கு. சர்க்கரைக்கு நடந்தே ஆகணும் என்று டாக்டர் சொன்னதால் நானும் காலையில் அங்கேதான் போகிறேன். எனக்கு அந்த இடம் பிடிக்காது.

நான் குமரியாக இருந்தபோது பெண் பார்க்க நேரே வீட்டுக்கு வரமாட்டார்கள். வந்து பிடிக்காமல் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று முதலில் இதே பூங்காவில் வைத்துப் பார்ப்பார்கள். என்னையும் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, "ஏம்மா, அந்தக் குழாயடி வரைக்கும் பைய நடந்துட்டு வாயேன்" என்றாள். கால் ஊனமா என்று பார்க்கத்தான். முதுகில் அத்தனை கண்ணும் குத்த, நல்ல காலை வைத்துக்கொண்டு எனக்கு நொண்டுகிற மாதிரித்தான் நடக்க வந்தது. அவர்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

போன வாரம் புது பெஞ்சுகளில் இரண்டு குடும்பங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. ஒரு பக்கம் பட்டுச்சேலையும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாக ஒரு பெண். நான் பக்கத்தில் வரும்போது எதிர் பெஞ்சு அம்மாள் அவளிடம், "அந்த நீரூத்து வரைக்கும் பைய நடந்துட்டு வாம்மா" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மொதல்ல உங்க மாப்பிள்ளய நடக்கச் சொல்லுங்க என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் எழுந்து என்னைத் தாண்டி நடந்து போனாள்.

நான் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.