பூண்டு பிடுங்க வந்த கிளப்காரர்கள்

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தேன். ஊரில் இருந்த சேவைச் சங்கத்தை எல்லோரும் கிளப் என்றுதான் சொல்வோம். வருஷம் ஒருமுறை மதுரையிலிருந்து டாக்டர்களை வரவழைத்து, எங்கள் பள்ளி வகுப்பறைகளிலேயே கண் முகாம் நடத்துவார்கள். கிராமங்களுக்குப் போய் ஆட்களைத் திரட்டுவது எங்களைப் போன்ற தொண்டர்களின் சோலி. எனக்குக் கொடுத்த கிராமம் பள்ளங்கி.

முதல் தடவை போய், கிளப்பிலிருந்து வருகிறேன் என்றதும் ஏதோ சாப்பாட்டுக் கடைக்கு ஆள் கூப்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்; அப்போது சாப்பாட்டுக் கடையையும் கிளப் என்றுதான் சொல்வார்கள். அதைச் சொல்லிப் புரியவைக்கவே அரை நாள் போனது.

அந்த ஊரில் தனியாக இருந்த ஒரு அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரே மகளைக் கன்னிவாடியில் கட்டிக்கொடுத்திருந்தார். கையால் தடவித் தடவியே களை எடுப்பார். வரப்பில் உட்கார்ந்து, ஆபரேஷன் வலிக்காது, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பயமெல்லாம் இல்ல தாயி. பூண்டு முத்திக் கெடக்கு. நான் கண்ணக் கட்டிக்கிட்டுப் படுத்துட்டா யாரு புடுங்குவா? மழை வந்தா அம்புட்டும் அழுகிப் போகும்."

அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவரவர் பூண்டு. திரும்பியதும் நேரே செயலாளரிடம் போனேன்.

கிளப்பின் செயலாளர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய். அதிகம் பேசமாட்டார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே துணியை அளந்து, வெட்டி, மடித்துக் கொடுத்து வாடிக்கையாளரை அனுப்பினார். பிறகு, "அப்ப நாமளே புடுங்கிருவோம்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுபடி பள்ளங்கிக்குப் போய் அந்த அம்மாவிடம் சொன்னபோது, பாயே சொன்னாரா என்று இரண்டு தரம் கேட்டார். அவர் போர்த்தியிருந்த கம்பளிகூட அந்தப் பாய் கடையில் எடுத்ததுதானாம். வெள்ளிக்கிழமை வேனில் ஏறிவிட்டார்.

சனிக்கிழமை ஆபரேஷன். ஞாயிறு காலையில் இரண்டு ஜீப் பள்ளங்கிக்குப் போனது. பாய், பேங்க் மேனேஜர், லாட்ஜ் முதலாளி, மருந்துக்கடைக்காரர், நான். மேனேஜர் ஷூவோடு வந்திருந்தார். பூண்டைத் தாளோடு, அதாவது தண்டோடு, எடுத்தால்தான் கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட முடியும். இவர்கள் இழுத்த வேகத்தில் தாள் மட்டும் கையோடு வந்தது. மேல் தோட்டத்துப் பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பொறுக்க முடியாமல் இறங்கி வந்து, முதலில் மண்ணைக் கொத்தி இளக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் தோட்டம் காலி. மேனேஜர் வரப்பிலேயே மல்லாந்து படுத்துவிட்டார்.

சாயங்காலம் வகுப்பறைக்குப் போனேன். கண்ணில் கட்டோடு அசையாமல் படுத்திருந்த அம்மா என் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, தாளோடு கட்டினார்களா என்று கேட்டார். பெரும்பாலும் என்றேன்.

"அப்ப பாதியப் பிச்சுட்டாக" என்று சிரித்துவிட்டார். தலை ஆடக்கூடாது என்று நர்ஸ் என்னைத்தான் திட்டினார்.

சில வாரம் கழித்து, கண்ணாடி வந்ததும் பாயும் நானும் கொண்டுபோய்க் கொடுத்தோம். தடித்த கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு முதலில் அடுப்புக்கு மேலே தொங்கிய கட்டுகளைப் பார்த்தார். ஓரமாகக் கூடையில் கிடந்த தாளில்லாத பூண்டையும் பார்த்தார். பிறகு பாயை நிதானமாகப் பார்த்து, "துணி கிழிக்கிற கைதான, போகட்டும்" என்றார். பாய் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்பும்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கட்டுப் பூண்டு கொடுத்தார், தாள் உள்ளதாகவே பார்த்து.

அடுத்த வருஷம் முகாமுக்கு ஆள் சேர்க்க அந்த அம்மாவும் என்னோடு வில்பட்டிக்கு வந்தார். கிழங்கு தோண்டணும், வர முடியாது என்று யாராவது சொன்னால், அதையும் கிளப்காரர்களே தோண்டித் தருவார்கள் என்று என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்தார். தயங்கித் தயங்கிப் பாயிடம் சொன்னேன். எத்தனை தோட்டம் என்று மட்டும் கேட்டார்.

முகாம் அன்று வில்பட்டிக்காரி ஒருத்தி ஆபரேஷன் அறை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்தாள். நான் வழக்கம்போல் வலிக்காது என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா என்னை நகர்த்திவிட்டு, அவள் கையைப் பிடித்து, வலிக்கத்தான் செய்யும், கொஞ்ச நேரம்தான் என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனார்.