மாமாவின் லொறிக் கண்ணாடி

அன்று கடற்கரையில் வாப்பாவும் நானும் இருந்தோம், உம்மாவின் ஒரே தம்பியான மாமாவும் இருந்தார். மாமாவின் வாயை அடக்கக்கூடிய உம்மா மட்டும் அங்கே இல்லை. இன்று கல்முனை பஸாரில் கடைக்காரர் தூண்டிலில் கட்டும் புதுத் தங்கூசிச் சுருளைப் பிரித்ததும், அந்த நைலோன் வாசத்தோடு அந்தப் பின்னேரம் என் நினைவில் வந்து நின்றது.

மருதமுனையில் சாரன் நெய்த வாப்பாவிடம் வள்ளம் இல்லை. கரையில் நின்றே மீன் பிடிக்கலாம் என்று தங்கூசியும் தூண்டிலும் ஈயக்கட்டியும் வாங்கி வந்தார். தறியில் அறுந்த நூலுக்குப் போடும் முடிச்சையே அதற்கும் போட்டார். நூலில் இறுகும் முடிச்சு தங்கூசியில் வழுக்கும் என்று அவருக்குத் தெரியாது. முதல் வீச்சுக்குக் கையைச் சுழற்றியபோது ஈயம் கழன்று பின்னால் பறந்தது. மீன் ஏற்ற நின்ற மாமாவின் லொறிக் கண்ணாடி நொறுங்கியது.

"என்ன மச்சான், மீன் லொறிக்குள்ளயா நீந்துது?" என்றார் மாமா. கரைவலை இழுத்தவர்கள் சிரித்தார்கள்.

"தெரியாமப் பட்டிட்டு மச்சான். ஒரு மாசம் பொறுங்க, போட்டுத் தாறன்."

"சொந்தம் வேற, லொறி வேற. தறிய வித்துக் காசக் கொண்டா."

வாப்பா விற்றார். அதன்பின் உம்மா தம்பியின் வாசலை மிதிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கக் கெம்பஸ் போனவன் நான். இப்போது மாமா என்னைக் காட்டி, "இவன் என்ட மருமகன்" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறார். நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் தறியையும் உம்மாவின் தம்பியையும் கொண்டுபோன அந்தக் கண்ணாடியின் விலை பன்னிரண்டாயிரம் ரூபா.