மாஸ்டர் குரல் இல்லாத பாட்டுகள்

எங்கள் மரக்காணம் சர்ச்சில் கொயர் மாஸ்டர் பாடமாட்டார். கையசைத்து எங்களைப் பாடவைப்பார். ஒவ்வொரு ஒத்திகையையும் கேசட்டில் பதிவு செய்தார்.

அவர் இறந்த முப்பதாம் நாள் பூசையில் போட, அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான். "ஒன், டூ" என்று அவர் எண்ணுவது, இருமல், "டேய், உப்பளத்துல ஆள் கூப்பிடுறியா? மெதுவா பாடுடா" என்ற அதட்டல், எல்லாவற்றையும் வெட்டினேன். கேசட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்திருந்ததால் குப்பையில் போட்டேன்.

பூசை முடிந்தும் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றிருந்தார் அவர் மனைவி.

"பாட்டெல்லாம் நல்லாருக்குதுப்பா. அவரு பேசுறது எப்ப வரும்?"

"இடைஞ்சலா இருக்குதுன்னு எடுத்துட்டேன் ஆன்ட்டி."



இன்றும் அந்தப் பாட்டுகளைக் கேட்கிறேன். என் குரல் மிகத் தெளிவாக இருக்கிறது.