மேல்பல் இல்லாத பசுவும் மூக்கு காய்ந்த நாயும்

மாட்டு டாக்டர் தொழிலில் நோயாளி பேசாது. அதற்கும் சேர்த்துக் கூட வருகிறவர்கள் பேசுவார்கள். கையில் ஊசியோடு தொழுவத்தில் நின்று கதை கேட்டவர்களுக்கு என் பாடு புரியும்.

இரவல் பல்

கெங்குவார்பட்டி முத்துச்செல்வி முதன்முதலாகப் பசு வாங்கிய மறுநாளே போன் செய்தார். "சார், ஏமாத்திட்டாக. மாட்டுக்கு மேல்பல்லே இல்ல. திருப்பி ஓட்டிவிடப் போறேன்." போய்ப் பார்த்தேன். நல்ல பசு. எந்தப் பசுவுக்குமே மேலே முன்பல் கிடையாது என்றேன். நம்பவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு அந்தப்புறமிருந்து கதை சொன்னார். கல்யாணத்துக்குப் போன குதிரை, சிரித்தால் அழகாக இருக்க வேண்டுமென்று பசுவிடம் மேல்பல்லை இரவல் கேட்டதாம். பசுவும் கழற்றிக் கொடுத்ததாம். போன குதிரை போனதுதான். முத்துச்செல்வி தன் வெறுங்கழுத்தைத் தடவியபடி பசுவின் முகத்தையே பார்த்தார். அவிழ்த்த கயிற்றை மறுபடி முளையில் கட்டினார். "நீயும் என்னைய மாதிரி கேட்டதும் கழட்டிக் குடுத்துட்டியா? இங்கனயே இரு, ஆத்தா."

பொறுமைசாலி

வீரபாண்டியில் ஓர் எருமைக்குத் தடுப்பூசி போட வேண்டும். கொம்பைப் பார்த்துத் தயங்கினேன். உரிமையாளர் தைரியம் சொன்னார்: ஆதியில் பெருமழை பெய்தபோது எல்லா மிருகமும் ஓட, எருமை மட்டும் ஒரு கைக்குழந்தையை வயிற்றடியில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றதாம்; மேகத்தின் கறுப்பும் அந்தப் பொறுமையும் அப்போது ஒட்டியதாம். ஊசி பட்டதும் விட்டது ஓர் உதை. சாணியில் கிடந்த என்னைத் தூக்கிவிட்டபடி அவர் சொன்னார்: "அது கதையில வந்த எருமை சார். இது சந்தையில வாங்குனது."

ஈர மூக்கு

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி. மனைவி இறந்து ஒரு வருஷம். அந்த அம்மா வளர்த்த ரோசி என்ற நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். மூக்கு காய்ந்து கிடந்தது. டிரிப் ஏற்றும்போது அவர் சொன்னார், "எங்க வீட்ல சர்ச்சுப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுவாக சார். ஊரே முங்குன வெள்ளத்துல, மிருகங்களை எல்லாம் ஏத்திட்டுப் போன பேழைக் கப்பல் ஓட்டையாயிருச்சாம். நாய்தான் மூக்கை வச்சு அடைச்சுச்சாம். அதான் அது மூக்கு எப்பவும் ஈரம்."

இரண்டு நாள் ரோசி கண் திறக்கவில்லை. அவர் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து நாயின் மூக்கில் வைத்தார். சில்லென்று இருந்தது. "ஓட்டையை அடைச்சிட்டா சார். அவுக கதை பொய்யாகல."

ஐந்து வருஷம் கல்லூரியில் விலங்குகளின் உடற்கூறு படித்த என்னிடம், எது ஏன் அப்படி இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எல்லாரும் சொல்லத்தான் செய்கிறார்கள்.